அத்தியாயம் 4: உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டு எழுதும் முறை

புற்றுநோய் முற்றிவிட்டது, இனிக் குணமாக்க வழியில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அல்லது அப்படிப்பட்ட வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்வரும் தன்னார்வலராக நீங்கள் இருக்கலாம். இந்த அத்தியாயம் இரண்டு பேருக்கும்தான். நோயை மாற்ற முடியாவிட்டாலும் வலி, வாந்தி, மூச்சுத் திணறல், மலச்சிக்கல், தூக்கமின்மை ஆகியவற்றைப் பெருமளவு குறைக்க முடியும். மருந்து இருந்தும் பலர் வேதனையோடு கிடக்கிறார்கள். யாரும் முறையாகக் கேட்காததே அதற்குப் பெரிய காரணம். மருத்துவர் முன்னால் உட்காரும் ஐந்து நிமிடத்தில் நோயாளியால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்டு எழுதிய நோட்டு இருந்தால் மருத்துவர் அந்த ஐந்து நிமிடத்திலேயே சரியான மருந்தை எழுதிவிடுவார்.

தேவையான பொருட்கள் கொஞ்சம்தான்: ஒரு நோட்டு, பேனா, தெர்மாமீட்டர், டார்ச் லைட், வினாடி முள் உள்ள கடிகாரம். பழைய டிஸ்சார்ஜ் அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு, நோட்டோடு சேர்த்து வையுங்கள்.

உட்காரும் முன்

தினமும் ஒரே நேரத்தில் கேளுங்கள். காலை மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கேட்பது நல்லது. மருந்து வேலை செய்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். டி.வி.யை அணைத்துவிட்டு, அவர் முகமும் உங்கள் முகமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் "பரவாயில்லை" என்ற ஒரே பதில்தான் வரும்.

கேள்வி நோயாளியிடம் போக வேண்டும், பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். நம் வீடுகளில் இது எளிதல்ல. அப்பாவைக் கேட்டால் அம்மா பதில் சொல்வார், அம்மாவைக் கேட்டால் மகன் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் வலியைக் கூட்டியோ குறைத்தோ சொல்வது சகஜம். "அவங்க சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் உங்ககிட்ட வர்றேன்மா" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திவையுங்கள். குடும்பத்தார் சொல்வதை நோட்டில் தனி வரியாக எழுதலாம்.

வரிசை

1. திறந்த கேள்வியில் தொடங்குங்கள். "இன்னைக்கு உங்களை ரொம்பப் படுத்துறது எது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மௌனம் நீண்டாலும் அதை நீங்கள் நிரப்பாதீர்கள். முதலில் வரும் பதிலை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். வலிதான் பெரிய தொல்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவரோ புண்ணிலிருந்து வரும் வாடையால் பேரப்பிள்ளை பக்கத்தில் வருவதில்லை என்று சொல்வார். அன்றைய முதல் வேலை அந்த வாடையைக் குறைப்பதுதான்.

2. பிறகு பட்டியல்படி கேளுங்கள். கேட்டால்தான் பல தொல்லைகள் வெளியே வரும். கனடாவின் எட்மன்டன் நகரில் எட்வர்டோ புருவேரா என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1991இல் வெளியிட்ட படிவம் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் இன்றைய வடிவில் ஒன்பது கேள்விகள்: வலி, அசதி, மந்தமாகத் தூங்கிவிழுதல், குமட்டல், பசி, மூச்சுத் திணறல், மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் எப்படி இருக்கிறது. இவற்றோடு மலச்சிக்கல், தூக்கம், வாய், தோல் நான்கையும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

3. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண் வாங்குங்கள். துளியும் இல்லை என்றால் 0, இதைவிட மோசமாக இருக்கவே முடியாது என்றால் 10. 1 முதல் 3 வரை லேசானது, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை என்று பொதுவாகக் கொள்ளலாம். 4ஐ எட்டிய எதையும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லிவிடுங்கள்.

4. எண் வாங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். "இதனால எதைச் செய்ய முடியாம போச்சு?" என்று கேளுங்கள். "ராத்திரி ஒரு பக்கமாத்தான் படுக்க முடியுது", "குளிக்க உட்கார முடியல" போன்ற பதில்கள் எண்ணைவிட அதிகம் சொல்லும்.

5. கடைசியாகக் கண்ணால் பாருங்கள், மாத்திரை அட்டைகளை எண்ணுங்கள், எழுதுங்கள்.

குறிப்பு: பெரியவர்கள் பலருக்கு வலியை எண்ணாகச் சொல்ல வராது. "பத்து ரூபாய் முழுசும் வலின்னு வச்சுக்கங்க பாட்டி, இப்ப எத்தனை ரூபாய்க்கு வலிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் கொஞ்சம், நடுத்தரம், தாங்க முடியவில்லை என்ற மூன்று படிகள் போதும். எந்த முறையைத் தொடங்கினீர்களோ அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள். ஆளுக்கொரு முறையில் கேட்டால் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியாது.

வலியை விவரமாகக் கேட்பது

வலி எங்கே என்று வாயால் சொல்லச் சொல்லாமல் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வலி இருக்கும். நோட்டில் ஒரு மனித உருவம் வரைந்து ஒவ்வோர் இடத்தையும் குறித்து, தனித்தனியாக எண் போடுங்கள்.

அடுத்தது வலியின் தன்மை. இங்கே அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுவது மிக முக்கியம். "எரியுது", "கரண்டு அடிக்குது", "ஊசி குத்துது", "மதமதன்னு இருக்கு" என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அதற்கு வேறு வகை மருந்து வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ "குடையுது", அசைந்தால் உயிர் போகிறது என்றால் எலும்பில் நோய் பரவியிருக்கலாம். அதற்குச் சில நாள் கதிர்வீச்சு கொடுத்தே நல்ல நிவாரணம் தர முடியும். வயிறு "முறுக்கிப் பிடிக்குது", விட்டுவிட்டு வருகிறது என்றால் குடல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். நீங்கள் எல்லாவற்றையும் "வலி" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இந்த வேறுபாடு மருத்துவருக்குத் தெரியாமலே போய்விடும்.

நேரத்தையும் குறியுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு? அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே வலி திரும்பி வந்தால் அளவு போதவில்லை என்று பொருள். நாள் முழுக்க நன்றாக இருந்து, புரளும்போதும் குளிக்கும்போதும் மட்டும் வலித்தால் அது வேறு பிரச்சினை. குளிப்பாட்டுவதற்கு முன்பே கொடுக்க மருந்து உண்டா என்று கேளுங்கள்.

மார்ஃபின் பற்றிச் சரிபார்க்க வேண்டியவை

கடும் வலிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதியிருப்பார். போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதை வைத்திருப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கொடுக்கப் பயப்படும் குடும்பங்கள்தான் எனக்குப் பெரிய கவலை. எனவே, கொடுக்கிறீர்களா என்று கேட்பதோடு நிற்காமல் அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கும். வலி வந்தால் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்படிக் கொடுத்தால் வலி ஒருபோதும் அடங்காது.

மார்ஃபின் எடுப்பவருக்கு மலமிளக்கியும் கூடவே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் தானே குறையும். ஆனால் எழுப்ப முடியாத அளவு தூக்கம், மூச்சு மிக மெதுவாகுதல், கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ, பல நாள் கொடுத்ததைச் சட்டென்று நிறுத்தவோ கூடாது. மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மிஞ்சியதை வேறொருவருக்குக் கொடுக்காமல் வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

மற்றத் தொல்லைகள்: எதைக் கேட்பது, எங்கே தவறு நடக்கிறது

மலச்சிக்கல். கூச்சத்தால் யாரும் கேட்பதில்லை, அதனாலேயே இதை விரிவாகச் சொல்கிறேன். கடைசியாக எப்போது போனார், கெட்டியா இளகலா, முக்க வேண்டியிருந்ததா? மூன்று நாள் போகவில்லை என்றால் சொல்லியாக வேண்டும். இங்கே ஆபத்தான ஒரு தவறு நடக்கிறது. பல நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசியும். வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே இறுகி அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் நீர்தான் அது. மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கும். செவிலியர் வந்து பார்க்கும்வரை இந்தக் கசிவுக்கென்று எதையும் கொடுக்காதீர்கள்.

மூச்சுத் திணறல். எண் கேட்பதோடு, ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று கவனியுங்கள். ஒரு நிமிடம் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். 30ஐத் தாண்டினால் உடனே போன் செய்யுங்கள். அதுவரை முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்து, சின்ன விசிறியின் காற்று கன்னத்திலும் மூக்கிலும் படும்படி வையுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையுங்கள்.

பசி. முதலில் ஒரு கேள்வியை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: சாப்பிடவில்லையே என்ற வருத்தம் அவருடையதா, உங்களுடையதா? முற்றிய நிலையில் பசி குறைவது நோயின் போக்கு. "ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்" என்று ஊட்டுவது பாசத்தால்தான். ஆனாலும் வாந்தியிலும் புரையேறுவதிலும் போய் முடியும். சின்னக் கிண்ணத்தில், அவர் கேட்கும் நேரத்தில், கேட்டதைக் கொடுங்கள். தாளிப்பு வாசனையே குமட்டுகிறதா என்றும் கேளுங்கள். பலருக்கு அது குமட்டும்.

வாய். டார்ச் அடித்து நாக்கு, கன்னத்தின் உட்புறம் பாருங்கள். வெள்ளைத் திட்டுகள் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்தால் குறையும். பசியில்லை என்று நாம் நினைத்திருப்போம், விழுங்கும்போது எரிகிறது என்பதுதான் உண்மையாக இருக்கும்.

வாந்தி வந்தால் நிறம், அளவு, மாத்திரை போட்ட எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதை எழுதுங்கள்.

அசதிக்கு எண்ணைவிட வீட்டின் அளவுகோலே நல்லது. போன வாரம் திண்ணை வரை வந்தார், இந்த வாரம் கழிப்பறை வரைதான். இப்படி எழுதிவந்தால் நோயின் வேகம் மருத்துவருக்குப் புரியும்.

தோல். முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் தினமும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்போ கருமையோ படுக்கைப் புண்ணின் தொடக்கம். புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். புண்ணில் வாடை இருந்தால் மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணில் தூவலாமா என்று செவிலியரைக் கேளுங்கள். வாடையைக் குறைக்க அது நன்றாக உதவும்.

குழப்பம். பகலில் தூங்கி இரவில் எழுந்து பேசுவது, துணியைப் பிடித்து இழுப்பது, இறந்துபோனவர்கள் வந்திருப்பதாகச் சொல்வது ஆகியவற்றைக் காற்று, கருப்பு என்று நினைத்துக் கோடாங்கியை அழைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், காய்ச்சல், புதிய மருந்து, உடலில் உப்புச் சமநிலை மாறுதல் ஆகியவை வழக்கமான காரணங்கள். கடைசியாகச் சிறுநீர் எப்போது போனார் என்று முதலில் பாருங்கள். கட்டிப்போடாதீர்கள். மெல்லிய விளக்கொளியும் தெரிந்த முகமும் பக்கத்தில் இருக்கட்டும்.

பேச முடியாதவரை மதிப்பிடுதல்

தொண்டையிலோ வாயிலோ நோய் உள்ளவர் எழுதிக் காட்டலாம், விரல்களை நீட்டிக் காட்டலாம். நினைவு மங்கியவரிடம் நெற்றிச் சுருக்கம், முனகல், உடலை விறைப்பாக வைத்திருத்தல், ஒரே இடத்தில் கை போய்ப் போய்த் தடவுதல் ஆகியவற்றைப் பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போதும் புரட்டும்போதும் தனித்தனியாகக் கவனியுங்கள். அமைதியாகக் கிடக்கிறார் என்பதால் வலி இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

மனசு, வீடு, பணம்

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, முற்றிய நோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், சமூகம், ஆன்மிகம் நான்கும் சேர்ந்ததுதான் வலி என்று கற்பித்தார். மருந்தைக் கூட்டிக்கொண்டே போயும் எண் இறங்காதபோது இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

"மனசு எப்படி இருக்கு?", "முன்னாடி பிடிச்ச எதுலயாவது இப்பவும் நாட்டம் இருக்கா?" என்ற இரண்டில் தொடங்குங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்று அவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி மனஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

தன்னார்வலர் கவனத்துக்கு: வாசலிலேயே ஒருவர் கையைப் பிடித்து, "அவருக்கு என்ன நோய்னு தெரியாது, சொல்லிடாதீங்க" என்பார். சண்டை போடாதீர்கள், வாக்கும் கொடுக்காதீர்கள். "நானா எதையும் சொல்ல மாட்டேங்க, அவரே கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்று அங்கேயே தெளிவுபடுத்துங்கள். தொல்லைகளைக் கேட்க நோயின் பெயர் தேவையில்லை. "உடம்புக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்க?" என்று கேட்டாலே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது விளங்கும். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். குடும்பத்தின் மனம் நோகக்கூடாது என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார்.

பார்த்துக்கொள்பவரைத் தனியாக, நோயாளிக்குக் கேட்காத இடத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார், அவர் சாப்பிட்டாரா, மாற்றிவிட ஆள் இருக்கிறதா, கூலி வேலை நின்றுபோயிற்றா, கடன் வட்டிக்கு வாங்கியதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா? பதில்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம் போவது என்று குறியுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். சிகிச்சைக்காகப் போய்வர ரயில் கட்டணச் சலுகை உண்டு, படிவத்தை மருத்துவமனையில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

1. முதுகில் புதிதாக வலி, அதோடு கால் தளர்வு, மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை. தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். நடக்கவைக்காமல், படுத்த நிலையிலேயே 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள். தாமதித்தால் கால் நிரந்தரமாகச் செயலிழக்கலாம்.
2. கடைசி கீமோ போட்டு ஒரு மாதம் ஆகாத நிலையில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால்.
3. முகமும் கழுத்தும் வீங்கி, கழுத்து ரத்தக் குழாய்கள் புடைத்து, மூச்சு முட்டினால்.
4. ஓயாத வாந்தி, வயிறு உப்பல், காற்றுகூடப் பிரியாமை.
5. வலிப்பு, அல்லது ஒரே நாளில் வந்த குழப்பம்.
6. நிற்காத ரத்தக் கசிவு. கழுத்திலோ வாயிலோ திறந்த புண் உள்ளவர் வீட்டில் அடர் சிவப்பு அல்லது கரும்பச்சைத் துண்டுகள் சிலவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்ப்பது நோயாளியை மிகவும் மிரட்டும். துண்டை அழுத்திப் பிடித்து, ரத்தம் வரும் பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு இனிப் போக வேண்டாம் என்று நோயாளி முன்பே சொல்லியிருந்தால், மேற்கண்டவை வந்தால் வீட்டிலேயே என்ன செய்வது என்பதைச் செவிலியரோடு இப்போதே பேசி எழுதிவையுங்கள்.

நோட்டில் ஒரு நாள் பக்கம்: மாதிரி

காலை 9 மணி. அதிகம் படுத்துவது: "இடுப்பு குடையுது". வலி இடுப்பு 6, மாத்திரைக்குப் பின் 3, புரளும்போது 8. குமட்டல் 2. மூச்சு 0. மலம் போய் மூன்று நாள். தூக்கம் இரண்டு மணி நேரம். வாய் சுத்தம். குதிகால் இடது சிவப்பு. மார்ஃபின் நேற்று ஆறு வேளையில் நான்குதான் கொடுத்தது, இரவு எழுப்ப மனமில்லை. மகள் சொன்னது: "ராத்திரி அழுதாங்க".

போனில் சொல்வது

மருத்துவரையோ செவிலியரையோ அழைக்கும்போது நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், என்ன புற்றுநோய், இப்போது எடுக்கும் மருந்தும் அளவும், எது அதிகம் படுத்துகிறது, நேற்று எண் எவ்வளவு, இன்று எவ்வளவு, என்ன செய்து பார்த்தீர்கள் என்ற வரிசையில் சொல்லுங்கள். மேலே உள்ள மாதிரியில், இரவு மாத்திரை விடுபட்டதையும் மூன்று நாள் மலம் போகாததையும் முதலில் சொல்ல வேண்டும். இரவில் எழுப்பாமல் இருக்க, படுக்கும் முன் வேளையை இரட்டிப்பாகக் கொடுக்கும் முறை உண்டு. அது இவருக்குச் சரியா என்று மருத்துவரிடமே கேளுங்கள். அவர் சொன்ன மாற்றத்தை எழுதி, திரும்பப் படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து மாறினால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். முதல் வேளை கொடுத்து ஒரு மணி நேரத்தில் ஒருமுறை, அன்று இரவு ஒருமுறை கேட்டு எழுதுங்கள். எல்லா எண்களும் 3க்குள் அடங்கி மூன்று நான்கு நாள் அப்படியே நின்றால், முழுப் பட்டியலை வாரம் இருமுறையாகக் குறைத்துக்கொள்ளலாம். "இன்னைக்கு எது படுத்துது?" என்ற முதல் கேள்வியை மட்டும் தினமும் கேளுங்கள்.